சுமையோடு அளக்க வேண்டிய ஷாஃப்ட்

தூத்துக்குடி என்றால் நம் இலக்கிய நண்பர்களுக்கு முத்துதான். கொற்கை, பாண்டியர், போர்ச்சுக்கீசியர், சங்கு என்று பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். அந்தப் பகுதியில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். அன்று பிறந்த குழந்தை இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கும். ஊர் இப்போது பிழைப்பது உப்பாலும் மீனாலும் துறைமுகச் சரக்காலும். இம்மூன்றும் பாத்தியிலிருந்தோ படகிலிருந்தோ கிட்டங்கிக்குப் போய்ச் சேர, பெரிய லாரிகள் நுழைய முடியாத தடங்களில் ஓடுபவை பழைய பிக்கப் வண்டிகள். அப்படி ஒரு வண்டியின் அடிவயிற்றில் சுழலும் இரும்புக் குழாயைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

வண்டி என் தாய்மாமாவுடையது. இருபது வயதை நெருங்கியது. முள்ளக்காட்டுப் பக்கத்து உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றுவதும், மழைக்காலத்தில் உப்பளம் படுத்துவிட்டால் ஐஸ் பெட்டிகளும் மீனும் அடிப்பதுமாக அதன் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாமாவின் தெருவில் நான்கு நாட்கள் தண்ணீர் வடியவில்லை. வண்டி அதன் கதவுக் கீழ்விளிம்பு வரை நீரில் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் எல்லோரையும் போல மாமாவும் எஞ்சினைத்தான் பார்த்தார். எண்ணெய் மாற்றினார், ஸ்டார்ட்டரைக் கழற்றிக் காயவைத்தார், பிரேக்கைப் பிரித்தார். வண்டி கிளம்பியது. கிளம்பிய வண்டியின் அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. அங்கே இரண்டு துண்டாக நீண்டு கிடந்த ஷாஃப்ட்டின் மூட்டுகளுக்குள் வெள்ள நீர் புகுந்து, கிரீஸைக் கெடுத்து, தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

இந்த உறுப்பு எப்படிப்பட்டது என்று அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். எஞ்சினும் கியர் பெட்டியும் முன்னால். உந்தப்படும் சக்கரங்கள் பின்னால். இரண்டுக்கும் இடையில் சுழற்சியைக் கொண்டுசெல்லும் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். கியர் பெட்டி சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது. பின் அச்சோ வில்பட்டைகளின் மேல் ஏறி இறங்குகிறது. ஆகவே குழாயின் முனைகளில் மடங்கக்கூடிய மூட்டு வேண்டும். கூட்டல் குறி போன்ற ஒரு எஃகுத் துண்டு, அதன் நான்கு கைகளிலும் நான்கு தொப்பிகள், தொப்பிக்குள் ஊசி ஊசியாய் உருளைகள். பட்டறைகளில் இதன் பெயர் கிராஸ். கவட்டை போன்ற இரண்டு யோக்குகள் அதை எதிரும் புதிருமாகப் பிடித்துக்கொள்கின்றன. நீளமான வண்டியென்றால் குழாய் இரண்டாகி, நடுவில் ரப்பர் வளையத்துக்குள் அமர்ந்த ஒரு சென்டர் பேரிங் தாங்குகிறது. அச்சு ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைய வேண்டுமே, அதற்காகப் பற்கள் வெட்டிய ஒரு சறுக்குப் பகுதியும் உண்டு.

கப்பலில் திசைகாட்டியைச் சாயாமல் தொங்கவிடும் வளைய அமைப்பும் இதன் உறவுதான். 16ஆம் நூற்றாண்டில் அவ்வமைப்பைப் பற்றி எழுதிய இத்தாலியர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவில் இந்த ஷாஃப்ட்டை அழைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக்கின் பெயரை ஆங்கிலேயர் மூட்டுக்கு வைத்தார்கள். ஆனால் என் மதிப்பில் பெரிய காரியம் செய்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். 1903இல் அவர் பெற்ற காப்புரிமை மூட்டுக்கானதல்ல, மூட்டை மூடும் உறைக்கானது. கிரீஸ் வெளியேறாமல், தூசியும் நீரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் உறை. இந்த மூட்டின் எதிரி எது என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். நூற்று இருபது வருடங்கள் கழித்து ஒரு தெருவில் தேங்கிய தண்ணீர் அதை மறுபடி நிரூபித்தது.

அறிகுறிகள் கோடையில் தொடங்கின. மெதுவாகப் போகும்போது சிட்டுக்குருவி கத்துவதைப் போலத் தாளத்தோடு ஒரு கீச்சொலி. பிறகு முன்னும் பின்னும் கியர் மாற்றுகையில் "டங்" என்று ஓர் இடி. மாமா இரண்டையும் வண்டியின் வயதுக் கணக்கில் எழுதினார். மூன்றாவதாக, நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்தபோதுதான் பட்டறைக்குப் போனார். (வாசகர்களில் யாருக்காவது பழைய வண்டி இருந்தால்: நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முதலில் முன்சக்கரத்தைச் சந்தேகியுங்கள், தரையிலும் இருக்கையிலும் தெரிந்தால் ஷாஃப்ட்டை. அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சின் குற்றவாளியல்ல.)

முதலில் போன பட்டறை எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே நடந்ததை எங்கும் காணலாம். கிராஸ் தேய்ந்திருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். தொப்பியின் ஓரத்தில் செங்கல் பொடி போலத் துரு கசிந்திருந்தது. ஆனால் கிராஸை மட்டும் மாற்றுவது "வேலைக்கு ஆகாது", மொத்தமாகவே மாற்றிவிடலாம், பழைய இரும்புக் கடையில் அதே பெயருள்ள வண்டியின் ஷாஃப்ட் கிடைக்கிறது என்றார்கள். கிடைத்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின் அச்சு தொங்கிய நிலையில் அளந்து, பொருந்துகிறது என்று சொல்லிப் போல்ட்டை முறுக்கினார்கள். மாமா வண்டியை எடுத்தார். வெறும் வண்டியில் நடுக்கம் சற்றுக் குறைந்தாற்போல இருந்தது. இரண்டு டன்னுக்குக் குறையாத உப்பை ஏற்றியதும் முன்னைவிடக் கேவலமாகிவிட்டது. மூன்றாவது வாரம் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தது.

மாமா வண்டியை உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது அப்போதுதான். அதற்கு நியாயமும் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் கூடிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒரு செலவு. "இனி இதுக்கு மேல முடியாது மருமவனே" என்று தொலைபேசியில் சொன்னார். புதிய வண்டிக்குத் தவணை கட்டும் வயதில் அவர் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வண்டி போனால் அவர் பிறர் கிட்டங்கியில் கணக்கெழுதப் போக வேண்டும். நாற்பது வருடம் தன் வண்டியைத் தானே ஓட்டியவர்.

நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் விசைப்படகு வேலை செய்யும் ஒரு லேத் பட்டறைக்கு இருவரும் போனோம். வேறு வேலையாகத்தான் போனோம்; ஒரு தெரிந்தவருக்கு ஏதோ புஷ் கடைய வேண்டியிருந்தது. மாமா பேச்சுவாக்கில் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்றார். "படகுக்கா வண்டிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் பட்டறைக்காரர். அந்தக் கேள்வியை நான் வேறெந்த ஊரிலும் கேட்டதில்லை. இங்கே இரண்டுக்கும் ஒரே பெயர். பல படகுகளில் எஞ்சினும் லாரி எஞ்சின்தான். அசோக் லேலண்ட் எஞ்சினைக் கழற்றியது லாரியிலிருந்தா விசைப்படகிலிருந்தா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத ஊர் அது.

அவர் வெளியே வந்து வண்டியின் கீழ் குனிந்து பார்த்தார். தூக்கச் சொல்லவில்லை. எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று கேட்டார். பிறகு, நாளைக்கு உப்போடு வாருங்கள் என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னது இது: "கரையில வச்சு அளந்த போட்டு தண்ணிக்குள்ள போனா வேற போட்டு அண்ணாச்சி. வண்டியும் அப்படித்தான்."

படகில் எஞ்சினின் கப்ளிங்கும் ஷாஃப்ட்டின் கப்ளிங்கும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். இடைவெளியை ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைத்து நாலாபுறமும் பார்ப்பார்கள். மரப்படகு கரையில் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வடிவம்; நீரில் மிதக்கும்போது உடல் லேசாக நெளிந்து வேறு வடிவம். ஆகவே கரையில் செய்த பொருத்தம் தற்காலிகமானது. படகை இறக்கி, அது நீரில் அமர்ந்த பிறகு மறுபடி அளந்தால்தான் கணக்கு. இதை அறியாமல் கட்டிய படகின் பேரிங்குகள் ஒரு பருவம் தாங்காது. அந்த மனிதரின் கையில் இந்தப் பழக்கம் ஊறியிருந்ததால்தான் பிக்கப்பையும் அதன் சுமையோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வண்டிப் பட்டறைக்காரருக்குத் தோன்றவில்லை.

என் கருத்து முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. ஷாஃப்ட்டை வண்டியின் பெயரைக் கொண்டோ விலையைக் கொண்டோ தேர்வு செய்யக் கூடாது. அது எந்த நிலையில் உழைக்கிறதோ அந்த நிலையில் அளந்து தேர்வு செய்ய வேண்டும்.

காரணம் இருக்கிறது. கிராஸ் மூட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கோணத்தில் மடங்கியபடி சுழலும்போது உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போவது சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். மூன்று பாகை மடிப்பில் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. பத்துப் பாகையில் நூற்றில் ஒன்றரைப் பங்காகிவிடும். குறையைப் போக்க ஒரே வழி, இன்னொரு மூட்டை எதிர்க்குறையோடு வைப்பது. குழாயின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்து, இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்று கெடுத்ததை மற்றது சரிசெய்துவிடும். கோணம் சமம் என்பது எந்த நிலையில்? அச்சு தொங்கும்போதா, சுமையில் வில்பட்டை நிமிர்ந்து கிடக்கும்போதா? பட்டை நிமிர்ந்தால் அச்சு மேலே வருவதோடு சற்றுப் பின்னுக்கும் நகர்கிறது. கோணமும் மாறுகிறது, சறுக்குப் பற்கள் கவ்வியிருக்கும் நீளமும் மாறுகிறது. ஜாக்கியில் அளந்தவர் ஒருபோதும் ஓடாத ஒரு வண்டியை அளந்தார்.

மறுநாள் சுமையோடு நின்ற வண்டியில் அவர் எடுத்த அளவுகள் என்னிடம் குறிப்பாக இருக்கின்றன. ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்சு நீளம். குழாயின் வெளிவிட்டம். கிராஸின் தொப்பி விட்டமும், எதிரெதிர்த் தொப்பிகளுக்கு இடைப்பட்ட அகலமும். சறுக்குப் பகுதியின் பல் எண்ணிக்கை. ஃபிளாஞ்சின் போல்ட் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஷாஃப்ட் இவற்றில் பலவற்றில் பொருந்தியது, நீளத்தில் பொருந்தவில்லை. ஒரே பெயரில் வெவ்வேறு சக்கர இடைவெளி கொண்ட வண்டிகள் வந்திருக்கின்றன என்பதை யாரும் பார்க்கவில்லை. அதுமட்டுமல்ல, சறுக்குப் பகுதியைக் கழற்றி மாட்டியவர்கள் பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். பதினாறு பல் என்றால் ஒரு பல் பிசகினாலே இருபத்திரண்டரைப் பாகை. இரு யோக்குகளும் ஒரே தளத்தில் இல்லை. ஒன்றின் குறையை மற்றது போக்குவதற்குப் பதிலாகக் கூட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கும் முன் இரு பக்கமும் ஒரு பஞ்ச் குறி அடித்திருந்தால் இது நேர்ந்திராது. சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவே. குறி அடிக்காமல் ஷாஃப்ட்டைப் பிரிக்கிற கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

மாமா கேட்ட ஒரு கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். சென்டர் பேரிங்தானே அடிக்கடி போகிறது, அதை நீக்கிவிட்டு ஒரே நீளக் குழாயாகப் போட்டால் என்ன? செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இதற்கு எதிரி. எந்தச் சுழலும் தண்டுக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதை நெருங்கினால் தண்டு வில்லாக வளைந்து சாட்டைபோல் அடிக்க ஆரம்பிக்கும். அந்த எல்லை நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. நீளம் இருமடங்கானால் எல்லை நான்கில் ஒன்று. பத்தில் ஒரு பங்கு நீளம் கூடினாலே ஆறில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பருத்த குழாய் போட்டு ஈடுகட்டலாம் என்பார்கள். சட்டத்துக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே இடம் எங்கே? வண்டியை வடிவமைத்தவன் குழாயை இரண்டாக வெட்டியது ஒரு பேரிங் கூடுதலாக விற்பதற்காக அல்ல.

அடுத்தது கிரீஸ் நிப்பிள். கடையில் இரண்டு வகைக் கிராஸ் கிடைக்கிறது. ஆயுள் முழுதும் கிரீஸ் தேவைப்படாது என்று மூடி வருவது ஒன்று. நிப்பிள் வைத்து அவ்வப்போது கிரீஸ் அடிப்பது மற்றொன்று. நிப்பிளுக்காகத் துளையிடுவதால் பின்னது சற்று வலுக்குறைவு, மூடியதுதான் நவீனம் என்று ஒரு கட்சி உண்டு. நல்ல சாலையில் ஓடும் நகரத்துக் காருக்கு அது சரியாக இருக்கலாம். உப்பளத்தில் உப்புநீர் சொட்டச் சொட்ட மூட்டை ஏற்றும் வண்டிக்கு, வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, நிப்பிள் உள்ளதுதான் வேண்டும். கிரீஸ் துப்பாக்கியால் அடிக்கும்போது நான்கு தொப்பிகளின் ஓரத்திலும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்து உடையப்போவது. 2023 வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் நின்ற எத்தனை வண்டிகளுக்கு இந்தப் பத்து நிமிட வேலை செய்யப்பட்டிருக்கும்?

பட்டறைக்காரர் பழைய ஷாஃப்ட்டைத் தேடச் சொன்னார். நல்லவேளையாக முதல் பட்டறை அதை இன்னும் எடைக்குப் போடவில்லை. குழாயை லேத்தில் மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார், கோட்டம் இல்லை. துருவைச் சுரண்டும்போது ஓரிடத்தில் சதுரமாக ஒட்டியிருந்த சிறு தகட்டை மட்டும் தொடாமல் விட்டார். அது தொழிற்சாலையில் சமநிலைக்காகப் பற்றவைத்த எடைத்துண்டு. அழுக்கு என்று உளியால் தட்டி எறிகிற ஆட்களை அவர் பார்த்திருக்கிறாராம். மூன்று கிராஸ்களும் புதிதாக, சென்டர் பேரிங் புதிதாக, யோக்குகள் ஒரே தளத்தில். வில்பட்டையில் மாமா முன்பு ஒரு மெக்கானிக் சொல்லைக் கேட்டுக் கூடுதலாகச் செருகியிருந்த ஒரு பட்டையை உருவச் சொன்னார். அந்தப் பட்டை பின்பக்கத்தைத் தூக்கிக் கோணத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. அதில் மாமாவுக்கு மனமில்லை. பட்டையை உருவினால் மூட்டை குறையும். வாக்குவாதம் கொஞ்ச நேரம் நடந்தது. பட்டை உருவப்பட்டது, நாளைக்கு ஒரு நடை கூடுதலாகப் போகிறார்.

கடைசியில் அவர் கேட்காமலே ஒன்று செய்தார். முன் குழாயைச் சுற்றி, சட்டத்தில் போல்ட் போட்டு, பட்டை இரும்பில் ஒரு வளையம். முன் மூட்டு ஓட்டத்தில் அறுந்தால் குழாயின் முனை தரையில் குத்தும். பின்னாலிருந்து வரும் வண்டியின் வேகம் முழுவதும் அந்தக் குத்துக்கோலின் மேல் ஏறும். வளையம் இருந்தால் முனை விழாது. பழைய பிக்கப் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்துகொள்ள வேண்டும். அரை மணி நேர வேலை.

உப்பளத்தைப் பற்றி நமக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. துறைமுகத்தையும் பரதவரையும் பற்றி ஜோ டி குருஸின் 'கொற்கை' இருக்கிறது. உப்புக்கும் கடலுக்கும் இடையில் இரும்பைக் கடைந்துகொண்டிருக்கிறவர் நம் எழுத்தில் அநேகமாக வருவதில்லை. வந்தாலும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஓரமாக நிற்கிறார். அவருக்கு என்ன தெரியும் என்பது எழுதப்படுவதில்லை. உடைப்புக்கு ஏற்ற வயது இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்வது எளிது. ஒரு வண்டி உடைப்புக்குப் போவது பெரும்பாலும் அந்த எண்ணால் அல்ல, மூன்று கிராஸ்களாலும் அதைப் பிழையாக மாட்டிய ஒரு மதியப் பொழுதாலும்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பழைய வண்டி புகை கக்குகிறது, அது போக வேண்டியதுதான் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. புகைக்காகப் போகட்டும். ஷாஃப்ட் நடுங்குகிறது என்பதற்காகப் போக வேண்டாம்.

உதிரிகளும் கூலியும் சேர்த்து மாமா கொடுத்த தொகை, இரண்டாம் கையாக வாங்கிய அந்தப் பொருந்தாத ஷாஃப்ட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அந்த ஷாஃப்ட் இப்போது வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. அத்தை அதன்மேல் மிளகாய் காயப்போடும் சாக்கை விரித்திருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது மாமா வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன். கிரீஸ் அடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.